பழைய கோப்புகளை இப்போதே திறந்து பாருங்கள்: சிற்றிதழ் ஆசிரியர்களுக்கும் சிறு பதிப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்



புத்தகக் காட்சி முடிந்து, விற்காத கட்டுகள் வீடு திரும்பி, அச்சகக் கணக்கில் ஒரு பகுதியாவது தீர்ந்து, நீங்கள் சற்று மூச்சுவிடும் மாதம் இது. அதனால் இப்போது எழுதுகிறேன். உங்களில் பலருக்குப் பக்கம் அமைத்துக் கொடுத்திருக்கிறேன்; சிலருக்கு இணையதளம் செய்து கொடுத்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தின் உரிமையில் ஒரு வேண்டுகோள். 1990களின் நடுவிலிருந்து ஏறக்குறைய 2010 வரை நீங்கள் கணினியில் அச்சுக்கோத்த இதழ்களும் நூல்களும் இன்று எங்கே இருக்கின்றன, எந்த வடிவில் இருக்கின்றன, எத்தனை பிரதிகள் இருக்கின்றன என்று இந்த மாதமே தேடிப் பாருங்கள்.

அச்சுப் பிரதி அலமாரியில் இருக்கும், தெரியும். நான் கேட்பது அந்தப் பக்கங்களை உண்டாக்கிய கணினிக் கோப்பை. மறுபதிப்புப் போடவும், மின்நூல் ஆக்கவும், ஒரு பெயரைத் தேடிப் பிடிக்கவும், கைபேசியில் படிக்கிற பிள்ளைக்குக் கொடுக்கவும், பார்வையற்ற வாசகர் ஒருவர் கணினியை வாசிக்கச் சொல்லிக் கேட்கவும் அதுதான் வேண்டும். கேட்டால் பெரும்பாலோர் ஒரே பதில் சொல்கிறீர்கள்: "ஃபைல் டி.டி.பி. சென்டர்ல இருக்கும்." அந்த 'இருக்கும்' என்ற நம்பிக்கைமேல்தான் எனக்குப் பயம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மூத்த சிறுகதையாளரின் முழுத் தொகுப்பு வேலை என்னிடம் வந்தது. நான்கு நூல்கள், நான்கும் கணினியில் அச்சுக்கோத்தவை. முதல் நூலைச் செய்த கடை மூடப்பட்டு அந்த இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டது. இரண்டாவதன் கோப்பு ஒரு குறுந்தகட்டில் இருந்தது; தகட்டின் மேற்பூச்சு உரிந்து, எந்த டிரைவிலும் ஏறவில்லை. மூன்றாவதைத் திறக்க முடிந்தது. ஆனால் அதற்கான ஃபான்ட் யாரிடமும் இல்லை. நான்காவது மட்டும் முழுதாகக் கிடைத்தது. மற்ற மூன்றையும் ஆள் வைத்து மறுபடி தட்டச்சு செய்தோம், மறுபடி மெய்ப்புப் பார்த்தோம். எழுத்தாளர் உயிரோடிருந்தபோது கையால் திருத்திக் கொடுத்திருந்த திருத்தங்கள் சில அந்தப் பழைய கோப்புகளில் மட்டுமே இருந்தன. அச்சேறிய பிரதியில் கிடையாது. அவை போனது போனதுதான்.

இது ஒரு கடையின் குற்றமோ ஒரு பதிப்பாளரின் குற்றமோ அல்ல. நாம் எல்லோரும் பயன்படுத்திய கருவிகள் அப்படி. பக்கம் அமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பான 7.0 வந்தது 2001இல். அதன்பின் அடோபி நிறுவனம் இன்டிசைன் பக்கம் போய்விட்டது. இன்டிசைனிலும் 2012இல் வந்த சி.எஸ்.6 வரையான பதிப்புகள்தான் பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும். இப்போது மாதச் சந்தா கட்டி வாங்கும் புதிய பதிப்பு திறக்காது. ஆகவே உங்கள் பழைய இதழைத் திறக்க ஒரு பழைய கணினி வேண்டும், அதில் பழைய விண்டோஸ் வேண்டும், பழைய மென்பொருள் வேண்டும், அந்த ஃபான்ட் வேண்டும், எந்தக் கோப்பு எந்த இதழுடையது என்று தெரிந்த ஆள் வேண்டும். ஐந்தும் ஒரே இடத்தில் கூடிவருவது ஆண்டுக்கு ஆண்டு அரிதாகிறது. அன்று இருபத்தைந்து வயதில் உங்கள் இதழை அமைத்தவருக்கு இன்று ஐம்பதைத் தாண்டியிருக்கும். பலர் தொழிலையே விட்டுவிட்டார்கள்.

ஃபான்ட் ஏன் இவ்வளவு பெரிய சிக்கல் என்று கொஞ்சம் விளக்க வேண்டும். இது புரிந்தால் மீதியெல்லாம் தானே புரியும்.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். அக்காலத் தமிழ் ஃபான்ட்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களையே எடுத்துக்கொண்டு, அவற்றின் மேல் தமிழ் வடிவங்களை ஒட்டிவைத்தன. பாமினியை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கைத் தமிழ் அச்சுலகம் ஏறக்குறைய முழுதும் அதில்தான் ஓடியது. பாமினியில் 'தமிழ்' என்று அடித்த கோப்பில் உண்மையில் பதிந்திருப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். பாமினி இருக்கும் கணினியில் அது தமிழாகத் தெரியும். இல்லாத கணினியில் அந்த ஆங்கில எழுத்துகளே தெரியும். இதையே ஸ்ரீலிபியில் அடித்தால் எண்கள் வேறு, வானவில்லில் வேறு, இளங்கோவில் வேறு. ஒரே நிறுவனத்தின் இரண்டு ஃபான்ட்களுக்குள்ளேயே எண் மாறுவதும் உண்டு. ஒழுங்கு கொண்டுவரப் பலர் பாடுபட்டார்கள். எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற பட்டியலைக் குறியேற்றம் என்பார்கள்; இணையத்தில் புழங்கிய தமிழர்கள் சேர்ந்து திஸ்கி என்ற பொதுக் குறியேற்றத்தை உருவாக்கினார்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு தாம், தாப் குறியேற்றங்களை அறிவித்தது. 2010இல், உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியேற்றமான யூனிகோடைத் தனது தரமாக ஏற்றது. யூனிகோடில் தமிழுக்கு 1991லேயே இடம் இருந்தது. விண்டோஸ் 2000இல் லதா என்ற ஃபான்ட்டோடு அது நம் கணினிக்கும் வந்துவிட்டது. ஆனால் பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. அச்சுத் தொழில் பேஜ்மேக்கரை விடவில்லை. இணையத் தமிழ் யூனிகோடுக்குப் போன பிறகும் அச்சுத் தமிழ் பல ஆண்டுகள் பழைய ஃபான்ட்களிலேயே கிடந்ததற்குக் காரணம் அதுதான். உங்கள் இதழ்களின் சிறந்த ஆண்டுகள் சரியாக அந்த இடைவெளியில் விழுந்திருக்கின்றன.

பிரவுசரிலும் அதே கதைதான். 1997இல் வந்த நெட்ஸ்கேப் 4, பக்கத்தோடு சேர்ந்து ஃபான்ட்டும் இறங்கும் வசதியைக் கொண்டுவந்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4 அதையே வேறு வழியில் செய்தது. ஒன்றின் ஃபான்ட் கோப்பு மற்றதில் வேலை செய்யாது. தமிழ் நாளிதழ்களும் இதழ்களும் இந்த 'டைனமிக் ஃபான்ட்'டை நம்பித் தளம் அமைத்தன. வாசகர் எதையும் நிறுவாமல் தமிழ் படிக்க முடிந்தது அன்றைக்குப் பெரிய விடுதலை. பிறகு நெட்ஸ்கேப் தன் அடுத்த பதிப்பிலேயே அந்த வசதியைக் கைவிட்டது. இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு 2022 ஜூன் 15ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் விடைகொடுத்தது. அந்தக் காலப் பக்கம் ஒன்றை இன்று குரோமிலோ ஃபயர்ஃபாக்ஸிலோ திறந்தால் புரியாத குறிகளின் குவியல்தான் கிடைக்கும். எழுத்து இருக்கிறது, எண்களாக அப்படியே இருக்கிறது. படிக்கும் வழி மட்டும் அடைபட்டுவிட்டது. அப்படிப்பட்ட தளம் உங்களுடையதாக இருந்தால் அழித்துவிடாதீர்கள். அந்தக் கோப்புகளை அப்படியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஃபான்ட் என்று தெரிந்தால் முழுவதையும் மீட்கலாம்.

மாற்றுவது எளிது. சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் மாற்றி, என்.எச்.எம். மாற்றி போன்ற இலவசக் கருவிகள் பாமினி, திஸ்கி, தாப், தாம் முதலிய பல குறியேற்றங்களிலிருந்து நொடியில் யூனிகோடுக்குக் கொண்டுவருகின்றன. நேரம் பிடிப்பது சரிபார்ப்பில்தான், அதில் கைவைக்க வேண்டியவர்கள் நீங்கள். பழைய ஃபான்ட்டில் ஒற்றைக் கொம்பை முதலில் அடித்து எழுத்தைப் பின்னால் அடித்தோம்; யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு பின்னால். மாற்றி இதைத் திருப்பிப் போட்டுவிடும். ஆனால் வரி உடைந்த இடத்தில் கொம்பு ஒரு வரியிலும் எழுத்து அடுத்த வரியிலும் மாட்டிக்கொண்டிருந்தால் குழம்பிவிடும். அதைவிடப் பரவலானது ர் சிக்கல். அச்சில் 'ர்' என்பதும், கால் போட்டு அதன்மேல் புள்ளி வைத்ததும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். எத்தனையோ பேர் காலைத்தான் அடித்திருக்கிறார்கள். மாற்றிய பிறகு 'அவர்கள்' என்ற சொல் திரையில் சரியாகத் தெரியும், தேடினால் கிடைக்காது. 'ஔவையார்' என்பதை ஒ என்றும் ள என்றும் இரண்டாக அடித்த கோப்புகளுக்கும் இதே கதி. ஒரு முறை உட்கார்ந்து இவற்றைத் தேடி மாற்றிவிட்டால் தீர்ந்தது. மெய்ப்புப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு ஒரு இதழுக்கு ஒன்றிரண்டு மாலைகள் போதும்.

"எல்லாவற்றுக்கும் பி.டி.எஃப். இருக்கிறதே" என்று சொல்பவர்களிடம் ஒரு சோதனை கேட்கிறேன். அந்தக் கோப்பைத் திறந்து ஒரு பத்தியைத் தெரிவுசெய்து நகலெடுங்கள். உங்கள் மின்னஞ்சல் பெட்டியில் ஒட்டுங்கள். தமிழ் வந்தால் உங்களிடம் எழுத்து இருக்கிறது. ஆங்கிலக் குறிகள் வந்தால் பழைய ஃபான்ட்டின் எண்கள் இருக்கின்றன, மாற்றிவிடலாம். எதையுமே தெரிவுசெய்ய முடியாவிட்டால் அங்கே எழுத்தே கிடையாது, வெறும் படம். அட்டைகளில் இது அதிகம். அச்சகத்தில் ஃபான்ட் மாறிவிடக்கூடாது என்று 'கர்வ்' ஆக்கிக் கொடுப்பது நம் வழக்கம். கர்வ் ஆனபின் 'க' என்பது ஒரு கோட்டோவியம், அவ்வளவுதான். பின்னட்டைக் குறிப்புகளும் எழுத்தாளர் அறிமுகங்களும் இப்படித்தான் பெரும்பாலும் போயிருக்கின்றன. அச்சுக்குக் கர்வ் ஆன கோப்பை அனுப்புங்கள், ஆனால் அதற்கு முந்தைய கோப்பையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கொடுத்து அமைத்த பக்கம். அதன் மூலக்கோப்பைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. இனிமேல் வரும் ஒவ்வொரு வேலையிலும் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

இனி அந்தப் பழைய கணினி. பேஜ்மேக்கருக்காகவே விண்டோஸ் எக்ஸ்.பி. ஓடும் ஒரு பெட்டியை மூலையில் வைத்திருக்கும் அலுவலகங்கள் இன்னும் உண்டு. வைத்திருங்கள், தூக்கிப் போடாதீர்கள். ஆனால் அதிலிருந்து இணையக் கம்பியைப் பிடுங்கிவிடுங்கள். எக்ஸ்.பி.க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு முடிந்தது. குரோம் 2016 ஏப்ரலில் எக்ஸ்.பி.யைக் கைவிட்டது, 2023 பிப்ரவரியில் விண்டோஸ் 7ஐயும் கைவிட்டது. பழைய பிரவுசரில் பல தளங்கள் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்று சொல்லித் திறக்க மறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழ்களுக்கு ஆயுள் உண்டு. 2021 செப்டம்பர் 30 அன்று இத்தகைய சான்றிதழ்களை வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் நம்பியிருந்த ஒரு பழைய மூலச்சான்றிதழ் காலாவதியானபோது, புதுப்பிக்கப்படாத பல கணினிகளிலும் கைபேசிகளிலும் நல்ல தளங்களே திறக்காமல் போயின. அந்த எச்சரிக்கையைத் தட்டித் தட்டி உள்ளே போகும் பழக்கம் வந்துவிட்டால், உண்மையான ஆபத்து வரும்போதும் கை தட்டிவிடும்.

வான்னாக்ரை நினைவிருக்கும். 2017 மே மாதத்தில் உலகெங்கும், திருத்தங்கள் போடப்படாத விண்டோஸ் கணினிகளில் புகுந்து கோப்புகளையெல்லாம் பூட்டிப் பணம் கேட்ட நிரல் அது. இவ்வகை நிரல்கள் கணினியோடு செருகியிருக்கும் வெளி ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டும். பேக்கப் டிஸ்க்கை எப்போதும் செருகியே வைத்திருப்பவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும்: எடுத்து முடிந்ததும் கழற்றி வையுங்கள். பழைய பெட்டியின் ஹார்ட் டிஸ்க் இன்னும் ஓடுகிறது என்றால், கணினி தெரிந்த ஒருவரைக் கொண்டு அதன் முழுப் படிமத்தை எடுத்துவிடுங்கள். புதிய கணினிக்குள் மெய்நிகர் கணினி ஒன்றை அமைத்து, எக்ஸ்.பி.யையும் பேஜ்மேக்கரையும் உங்கள் ஃபான்ட்களையும் அதில் ஓட்ட முடியும். பெட்டி செத்த பிறகும் கோப்புகள் திறக்கும்.

பேக்கப் என்ற சொல்லை எல்லோரும் சொல்கிறோம். ஆளுக்கு ஒரு பொருளில் சொல்கிறோம். பென்டிரைவில் போட்டு வைப்பதைச் சிலர் சொல்கிறார்கள், கூகுள் டிரைவைச் சிலர். பீட்டர் குரோ என்ற அமெரிக்க நிழற்படக் கலைஞர் பரப்பிய 3-2-1 என்ற கணக்கு எனக்குப் போதுமானதாக இருக்கிறது: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு ஊரில் அல்லது வேறு கட்டடத்தில். கடைசி எண்ணுக்குத்தான் நம்மவர்கள் கவலைப்படுவதே இல்லை. 2015 டிசம்பரில் சென்னையில் தண்ணீர் ஏறியபோது கீழ்த்தளத்தில் இருந்த கணினியும் அதன் பக்கத்து அலமாரியில் இருந்த பேக்கப் டிஸ்க்கும் ஒரே நீரில்தான் மூழ்கின. பெரிய நிறுவனங்களுக்கும் விதிவிலக்கு இல்லை. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீயில் அழிந்தது. தளத்தையும் பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தார்கள்.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தை நாம் மறக்க முடியாது. 1981இல் அது எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. ஏடுகளும் கையெழுத்துப் பிரதிகளும் அவற்றில் இருந்தன, வேறெங்கும் பிரதி இல்லாதவையும் இருந்தன. அந்த இழப்பை அறிந்த சமூகத்திலிருந்துதான் 2005இல் நூலகம் என்ற எண்ணிம நூலகம் தொடங்கி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் மின்வடிவில் சேர்த்துவருகிறது. நம் பழைய இலக்கியங்கள் கிடைத்ததும் பிரதிகளால்தான். பனையோலை நம் தட்பவெப்பத்தில் சில நூறு ஆண்டுகளுக்கு மேல் தாங்குவது கடினம். யாரோ ஒருவர் ஒவ்வொரு தலைமுறையிலும் புது ஓலையில் பெயர்த்தெழுதியதால் சங்கப் பாடல்கள் உ.வே.சாமிநாதையர் கை வரை வந்தன. பெயர்த்தெழுத ஆள் இல்லாதவை வரவில்லை.

டிரைவ், கிளவுடு பற்றி ஒரு தெளிவு வேண்டும். ஒத்திசைவும் பேக்கப்பும் வேறு வேறு. உங்கள் கணினியில் ஒரு கோப்புறையை அழித்தால் ஒத்திசையும் டிரைவிலும் அது அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், பிறகு போய்விடும். உதவியாளர் தெரியாமல் ஒரு கோப்பைக் கெடுத்துச் சேமித்தால், கெட்ட கோப்புதான் எல்லா இடத்துக்கும் ஒழுங்காகப் போய்ச் சேரும். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறையாவது, எதோடும் ஒத்திசையாத ஒரு டிஸ்க்கில் தனியாக எடுத்து, தேதி எழுதி, வேறு ஊரில் இருக்கும் நம்பிக்கையான நண்பரிடம் கொடுத்து வையுங்கள். மறு ஆண்டு புதியது கொடுத்துப் பழையதை வாங்கிக்கொள்ளலாம். எஸ்.எஸ்.டி. வகையைவிடச் சுழலும் ஹார்ட் டிஸ்க் இதற்கு மேலானது; எஸ்.எஸ்.டி. மின்சாரமில்லாமல் நெடுநாள் கிடந்தால் தகவலை இழக்கக்கூடும். எடுத்த பேக்கப்பை வேறொரு கணினியில் செருகிப் பத்துக் கோப்புகளையாவது திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இடம் போதாதே என்று யோசிக்க வேண்டாம். யூனிகோடில் ஒரு தமிழ்க் குறிக்கு இணையத்தில் 3 பைட்டுகள் போகின்றன. 'தமிழ்' என்ற சொல்லுக்கு 15. நூறு பக்க இதழின் எழுத்து மொத்தமும் 1 எம்.பி.க்குள் அடங்கிவிடும். இருபத்தைந்து ஆண்டு நடந்த காலாண்டிதழின் முழு எழுத்தும் ஒரு திருமண வீடியோவில் சிறு துண்டு அளவுகூட வராது. எழுத்தாகச் சேமித்தால் இவ்வளவு சிறியது; எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் கொடுத்து வைக்கலாம்.

உங்களில் பலருக்கு இதழின் உயிர்நாடி ஒரு ஜிமெயில் கணக்கு. படைப்புகள் வந்தது அதில், மெய்ப்புகள் போனது அதில், டிரைவும் அதில். அதன் கடவுச்சொல் ஆசிரியர் ஒருவருக்கு மட்டும் தெரியும். அவர் மறைந்தால்? இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கும் நடைமுறையைக் கூகுள் 2023 டிசம்பரிலிருந்து செயல்படுத்துகிறது. ஒரு ஆசிரியர் மறைந்து, குடும்பம் துக்கத்திலிருந்து மீண்டு, நண்பர்கள் நினைவு மலர் போடலாம் என்று கூடுவதற்குள் இரண்டு ஆண்டு எளிதில் ஓடிவிடும். அந்தக் கணக்கின் அமைப்புகளில் 'செயல்படாத கணக்கு மேலாளர்' என்ற இடம் இருக்கிறது. கணக்கு நின்றுபோனால் யாருக்குத் தகவல் போக வேண்டும், எதையெல்லாம் கொடுக்கலாம் என்று 10 பேர் வரை அங்கே குறிப்பிடலாம். கால் மணி நேர வேலை. சாவைப் பற்றிய பேச்சாக இருக்கிறதே என்று தள்ளிப்போடாதீர்கள். நம் சிற்றிதழ்களில் பெரும்பாலானவை ஒரு மனிதரின் தோளில் நடந்தவை என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். இணையதளம் வைத்திருப்பவர்கள் டொமைன் பெயர் யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது, எப்போது புதுப்பிக்க வேண்டும் என்பதையும் ஒரு தாளில் எழுதி இன்னொருவரிடம் கொடுத்து வையுங்கள். தளம் செய்து கொடுத்தவர் தன் பெயரிலேயே பதிந்துவைத்து, பின்னர் தொடர்பில் இல்லாமல் போனதால் பெயரையே இழந்த இதழ்கள் எனக்குத் தெரியும்.

இணையத்தில் எப்படி வைப்பது என்று கேட்பீர்கள். என் கருத்து உறுதியானது: எளிமையாக வையுங்கள். உலகின் முதல் இணையத்தளம் 1991இல் செர்ன் ஆய்வு மையத்திலிருந்து டிம் பெர்னர்ஸ்-லீ பொதுவில் வெளியிட்டது. தலைப்பு, பத்தி, இணைப்பு, இவ்வளவுதான் அதில் உண்டு. அந்தப் பக்கம் இன்றைய கைபேசி பிரவுசரிலும் அப்படியே திறக்கிறது. அதற்குப் பின்னால் வந்த எத்தனையோ கவர்ச்சியான வடிவங்கள் திறப்பதில்லை. புரட்டும் ஓசையோடு பக்கம் திரும்பும் ஃபிளாஷ் இதழ்கள் ஒரு காலத்தில் எல்லோருக்கும் ஆசையாக இருந்தன. 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு ஃபிளாஷுக்கு ஆதரவு நின்றது, அவையெல்லாம் வெற்றுச் சதுரங்களாகிவிட்டன. ஆகவே உங்கள் இதழின் ஒவ்வொரு படைப்பும் சாதாரண எச்.டி.எம்.எல். பக்கமாக, யூனிகோடு எழுத்தாக, தலைப்பும் ஆசிரியர் பெயரும் இதழ் எண்ணும் மாதமும் ஆண்டும் எழுத்திலேயே குறித்தபடி இருக்கட்டும். குறியேற்றம் யூ.டி.எஃப்-8 என்று சொல்லும் ஒற்றை வரி பக்கத்தின் தலையில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பிரவுசர் தானாக ஊகிக்கப் பார்த்து, நல்ல தமிழையே குறிக்குவியலாகக் காட்டிவிடக்கூடும். பி.டி.எஃப்.பையும் பக்கத்தில் வையுங்கள், அட்டைப்படம் பார்க்க ஆசைப்படுபவர் உண்டு. ஆனால் அது துணைக்கு.

இலவச இடத்தை மட்டும் நம்பாதீர்கள். ஜியோசிட்டீஸில் பக்கம் வைத்திருந்த தமிழர்கள் நிறையப் பேர். 2009 அக்டோபரில் யாஹூ அதை மூடியது. தமிழ் விவாதங்கள் ஆண்டுக்கணக்கில் நடந்த யாஹூ குழுமங்களையும் 2020 டிசம்பரில் மூடியது. இன்று முகநூலில் மட்டும் எழுதிவைப்பவர்களும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். சொந்தப் பெயரில் ஒரு தளம், அதன் முழுப் பிரதி உங்கள் டிஸ்க்கில், இன்னொரு பிரதி பொது நிறுவனம் ஒன்றில் என்று இருக்கட்டும். சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் இன்டர்நெட் ஆர்கைவ் 1996 முதல் இணையப் பக்கங்களைச் சேமித்துவருகிறது. அதன் வேபேக் மெஷினில் உங்கள் பக்க முகவரியைக் கொடுத்தால் அன்றைய நிலையில் சேமித்துக்கொள்ளும், கட்டணம் இல்லை. 2024 அக்டோபரில் அந்த நிறுவனமே இணையத் தாக்குதலுக்கு ஆளாகிப் பல நாட்கள் முடங்கியது என்பதையும் நினைவில் வைத்து, அதையும் மூன்றில் ஒன்றாக மட்டும் எண்ணுங்கள்.

இதெல்லாம் நடக்கக்கூடியதா என்று சந்தேகப்படுபவர்களுக்கு மதுரைத் திட்டத்தைக் காட்டுகிறேன். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரமும் நண்பர்களும் தொடங்கியது. ஊதியமில்லாத தொண்டர்கள், உலகின் பல மூலைகளில் இருந்துகொண்டு, பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். திஸ்கியில் வெளியிட்டார்கள், யூனிகோடு வந்ததும் உட்கார்ந்து யூனிகோடுக்கு மாற்றினார்கள். குறியேற்றம் மாறியபோது கூடவே நகர்ந்ததால் அந்த நூல்கள் இன்று எந்தக் கைபேசியிலும் திறக்கின்றன. பெரிய பணம் எதுவும் அதற்குப் பின்னால் இல்லை. அவர்கள் சங்க இலக்கியத்துக்குச் செய்ததை நீங்கள் உங்கள் இதழுக்குச் செய்தால் போதும். அளவு மிகச் சிறியது. மூலமும் உங்களிடமே இருக்கிறது.

படைப்பாளிகளின் உரிமை பற்றிச் சிலர் கேட்டீர்கள். இணையத்தில் வெளியிட எழுத்தாளரிடமோ குடும்பத்திடமோ அனுமதி வாங்குவது முறை. அனுமதி வரும்வரை உங்கள் சொந்தக் கோப்பை யூனிகோடாக்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தயங்க வேண்டியதில்லை. வெளியீடு பிறகு நடக்கட்டும், மீட்பு இப்போதே நடக்க வேண்டும்.

எல்லா இதழ்களையும் ஒரே மூச்சில் செய்ய நினைத்தால் மலைப்பாக இருக்கும், தள்ளிப்போய்விடும். மிகப் பழைய ஒரே ஒரு இதழில் தொடங்குங்கள். ஆபத்தில் இருப்பது அதுதான். கோப்பும் ஃபான்ட்டும் கிடைத்தால் எனக்கோ என் போன்ற வேறொருவருக்கோ அனுப்புங்கள். மாற்றித் தருகிறோம், இதற்குக் கூலி கேட்க மாட்டேன். ஆனால் கோப்பைத் தேடிப் பிடிப்பது உங்களால் மட்டுமே ஆகிற வேலை. உங்கள் முதல் இதழை அச்சுக்கோத்தவரின் தொலைபேசி எண் இன்னும் உங்களிடம் இருக்கும். இந்த வாரமே அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

அன்புடன்,
உங்கள் இதழ்களுக்குப் பக்கம் அமைக்கும் ஒருவன்